தம்பியின் செல்லிலிருந்து அண்ணன் வருவானா?

கடிதம் எழுதியவர் 49 வயதுத் தாய். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த, அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரட்டைப் பிள்ளைகள் அவருக்கு. சில நிமிடங்கள் முந்திப் பிறந்ததால் ஒருவன் வீட்டில் மூத்தவன், மற்றவன் இளையவன். பதினான்கு மாதங்களுக்கு முன்பு சாலை விபத்தில் மூத்தவன் இறந்துவிட்டான். அப்போது அவனுக்கு 20 வயது.

அதன் பிறகு இணையம் வழியாக ஒரு நிறுவனத்தின் ஆள் இவரோடு பேசத் தொடங்கியிருக்கிறார். இறந்தவரின் செல் தேவையே இல்லை, இளையவனின் தோல் செல்லில் இருப்பதும் அதே மரபணுக்கள்தான், அதிலிருந்து குளோனிங் முறையில் மூத்தவனைத் திரும்பப் பிறக்க வைக்கலாம் என்பது அவர் கொடுத்த வாக்கு. மூத்தவனின் ஃபோன், நாட்குறிப்பு, குரல் பதிவுகள், படங்கள் எல்லாவற்றையும் கொடுத்தால் 'நினைவுத் தொகுப்பு' ஒன்று தயாரித்து, வளரும் குழந்தைக்கு அதை ஏற்றிவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறார். முன்பணம் கட்டியாகிவிட்டது. அம்மாவுக்காகச் சம்மதித்த இளையவன் கையிலிருந்து சிறிது தோலை எடுக்கக் கொடுத்தான், பிறகு விடுதிக்குப் போனவன் வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டான். கணவர் "அது அவன் இல்லை" என்று சொல்லிவிட்டு அதற்குமேல் பேச மறுக்கிறார். மீதிப் பணத்துக்கு வீட்டை அடமானம் வைக்கலாமா என்ற யோசனையில் இருக்கும்போது இந்தத் தாய் எனக்கு எழுதியிருக்கிறார்.

அவர் கேட்பது மூன்று: பிறக்கப்போவது என் மகன்தானா? நினைவுகளும் வந்துவிட்டால் அப்புறம் அவன்தானே? நான் வேண்டாம் என்று சொன்னால், அவனை இரண்டாவது முறை நானே சாகடித்த மாதிரி ஆகாதா?

அன்புச் சகோதரி,

இருட்டில் தாழ்ப்பாள் சத்தத்தை வைத்தே வந்திருப்பது எவன் என்று சொல்லிவிடுவேன் என எழுதியிருக்கிறீர்கள். மூத்தவன் இரண்டு விரலால் மெல்லத் தள்ளுவான், இளையவன் முழங்கையால் ஒரு இடி. உறவுக்காரர்கள் இருவரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்ட காலத்திலும் உங்களுக்கு ஒருநாளும் குழம்பியதில்லை. உங்கள் முதல் கேள்விக்கு நான் இந்த வரியிலிருந்துதான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

அந்த ஆள் சொன்னதில் ஒரு பகுதி உண்மை. இளையவனின் செல்லில் இருப்பவை கிட்டத்தட்ட முழுக்க மூத்தவனின் மரபணுக்களேதான். அப்படியென்றால் அந்த மரபணுக்களைச் சுமந்துகொண்டு ஒருவன் 21 வருஷமாக உங்கள் வீட்டில் இருக்கிறானே, அவன் மூத்தவன் ஆகிவிட்டானா? ஒரே கருமுட்டை, ஒரே கருப்பை, ஒரே நாள், ஒரே அம்மா, ஒரே சாப்பாடு, ஒரே பள்ளி. இத்தனையும் ஒன்றாக இருந்தும் இருவர் இரண்டு ஆட்களாகத்தான் வளர்ந்தார்கள். மரபணு ஒன்றானால் ஆளும் ஒன்று என்பது உண்மையாக இருந்தால், நீங்கள் இன்றைக்கு யாரையும் இழக்கவே இல்லை என்றாகிவிடும். அது எவ்வளவு பொய் என்று உங்களைவிட யாருக்கும் தெரியாது.

குளோன் செய்த குழந்தை இந்த இரட்டையர் நெருக்கத்தைவிடவும் தள்ளித்தான் நிற்கும். வேறொரு பெண்ணின் கருமுட்டையிலிருந்து உட்கருவை, அதாவது பெரும்பாலான மரபணுக்கள் இருக்கும் நடுப்பகுதியை, எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உங்கள் மகனின் தோல் செல்லின் உட்கருவை வைப்பார்கள். முட்டையில் மிச்சமிருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணிய பகுதிகள்) 37 மரபணுக்கள் உண்டு, அவை உங்களுடையவை அல்ல, அந்தப் பெண்ணுடையவை. சுமக்கப்போவது வாடகைத்தாய். கருப்பையில் இருந்த இடமும் அழுத்தமும் மாறுவதால், கூடவே பிறந்த உங்கள் பிள்ளைகளுக்கே கைரேகை ஒன்றாக இருந்திருக்காது. 2001 டிசம்பரில் அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் உலகின் முதல் குளோன் பூனை பிறந்தது. மூலப் பூனைக்கு உடம்பில் ஆரஞ்சு நிறத் திட்டுகள் இருந்தன, குட்டிக்கு ஆரஞ்சே இல்லை. அந்த நிற வித்தியாசத்துக்குக் காரணம் பெண் பூனைகளுக்கே உரிய ஒரு மரபணு ஏற்பாடு, உங்கள் மகனுக்கு அது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பிரதி என்ற பெயரில் பிறந்த உயிர் தோலிலேயே வேறாக இருந்தது என்பது நிஜம்.

இன்னொன்று. மூத்தவனை வளர்த்தது 28 வயதில் இரண்டு கைக்குழந்தைகளோடு தூக்கமில்லாமல் திணறிய நீங்கள். இனி பிறக்கும் குழந்தையை வளர்க்கப்போவது ஐம்பதைத் தாண்டிய, ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த நீங்கள். அந்தக் குழந்தைக்குக் கூடவே உருளும் தம்பி இருக்க மாட்டான், இருபது வருஷம் மூத்த, தன் முகத்தையே வைத்திருக்கும் ஒரு அண்ணன் இருப்பான். மூத்தவனை மூத்தவனாக்கிய எதுவுமே அங்கே இல்லை.

நினைவு எங்கே இருக்கிறது?

"செல்லுக்கும் ஞாபகம் உண்டு" என்று அந்த ஆள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகன் எட்டு வயதில் குளத்தில் விழுந்து பயந்தது, உங்களிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டது, இவை எதுவும் அவன் தோலில் இல்லை. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையிலான இணைப்புகள் அனுபவத்தால் வலுவாகின்றன, தளர்கின்றன, புதிதாக முளைக்கின்றன. நினைவு என்று நாம் சொல்வது அங்கேதான் இருக்கிறது. மரபணுவில் இருப்பது உடலையும் மூளையையும் கட்டுவதற்கான குறிப்பு, அந்த மூளை பார்த்ததும் கேட்டதும் அதில் எழுதப்படுவதில்லை. சின்ன வயதில் மூத்தவனுக்குப் போட்ட தடுப்பூசியை அவன் உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஞாபகம் வைத்திருந்தது அல்லவா, தோல் செல்லிலிருந்து பிறக்கும் குளோனுக்கு அந்த ஞாபகம்கூட வராது. எல்லா ஊசியையும் முதலிலிருந்து போட வேண்டியதுதான்.

சரி, 'நினைவுத் தொகுப்பு' என்றால் என்ன? ஒரு மூளைக்குள் ஒரு வாழ்க்கையின் நினைவுகளை ஏற்றும் தொழில்நுட்பம் இன்று உலகில் எங்கும் இல்லை. அவர்களால் செய்ய முடிந்தது ஒன்றுதான், மூத்தவனின் படங்களையும் குரலையும் அந்தக் குழந்தைக்குத் திரும்பத் திரும்பக் காட்டி "இது நீ, இது நீ செய்தது" என்று சொல்லிக்கொடுப்பது. அது வேலை செய்யாது என்று சொல்ல மாட்டேன், ஒரு விதத்தில் வேலை செய்யும் என்பதுதான் எனக்குப் பயம். 1995இல் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸின் குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. சின்ன வயதில் நீ கடைவளாகத்தில் தொலைந்துபோனாய் என்ற, நடக்கவே நடக்காத ஒரு கதையை, குடும்பத்தார் சொன்ன உண்மைச் சம்பவங்களோடு கலந்து கொடுத்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவர் அது தனக்கு நடந்ததாகவே முழுமையாகவோ அரைகுறையாகவோ 'ஞாபகப்படுத்தி'ச் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து இதையே கேட்டு வளரும் குழந்தை ஒருநாள் "ஆமாம், குளத்தில் விழுந்தேன்" என்று உங்களிடம் சொல்லவும் கூடும். அப்போது உங்கள் கையில் இருப்பது மூத்தவனின் நினைவு அல்ல, தன்னுடையதல்லாத வாழ்க்கையைத் தன்னுடையது என்று நம்பவைக்கப்பட்ட ஒரு பிள்ளை. அதற்கு அவன் என்ன பாவம் செய்தான்?

நினைவு வந்தால் அவன்தானே என்ற உங்கள் இரண்டாவது கேள்வி அசட்டுத்தனமான கேள்வி இல்லை. நேற்றைய நானும் இன்றைய நானும் ஒரே ஆள் என்பதற்கு நினைவின் தொடர்ச்சிதான் ஆதாரம் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் வாதிட்டார், அன்றிலிருந்து அந்த வாதம் ஓயவில்லை. ஆனால் எனக்கு அது போதவில்லை, இரண்டு காரணம் சொல்கிறேன்.

ஹென்றி மொலைசன் என்றொருவர் அமெரிக்காவில் இருந்தார். 1953இல், 27 வயதில், வலிப்பு நோய்க்காக அவர் மூளையின் இரண்டு பக்கமும், புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் கணிசமானதை எடுத்துவிட்டார்கள். அதன்பின் 2008இல் இறக்கும்வரை புதிதாக நடந்த எதையும் அவரால் நிரந்தரமாக ஞாபகம் வைக்க முடியவில்லை. பல வருஷம் அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னரை ஒவ்வொரு தடவையும் புது ஆளாகத்தான் பார்த்தார். அப்படியும் அவருடைய பணிவும் நகைச்சுவையும் அப்படியே இருந்தன, அவர் வேறு ஆளாகிவிட்டார் என்று யாரும் நினைக்கவில்லை. ஆக, நினைவு அறுந்தாலும் ஆள் மிஞ்சுகிறார்.

இரண்டாவது காரணத்தை நீங்கள் மனதுக்குள் நடத்திப் பார்க்க வேண்டும். மூத்தவன் உயிரோடு இருந்த காலத்திலேயே, அவன் உடம்பும் நினைவும் ஒரு பிசிறில்லாமல் வாய்த்த ஒருவனை யாரோ செய்து கொண்டுவந்து நிறுத்தியிருந்தால், மூத்தவன் அவனைப் பார்த்து "இது நான்" என்றா சொல்லியிருப்பான்? புதியவனுக்குப் பசித்தால் மூத்தவன் வயிறு காயாது. ஒருவன் பரீட்சை எழுதப் போனால் மற்றவனுக்குக் கவலை. பக்கத்தில் இருவரும் நிற்கும்போது அவர்கள் இரண்டு ஆட்கள் என்று நமக்குச் சந்தேகமே வராது. மூத்தவன் போய்விட்டான் என்பதற்காக, அந்த இரண்டாமவன் அவனாக மாறிவிட முடியாது. ஆக, அவர்கள் வாக்குக் கொடுத்தது அத்தனையும் நடந்தாலும்கூட, பிறப்பவன் உங்களுக்கு மூன்றாவது பிள்ளை.

அவர்கள் சொல்லாமல் விட்டவை

மனிதக் குளோன் ஒருவர் பிறந்ததாக இதுவரை எங்கும் நிரூபிக்கப்பட்டதில்லை. 2002 டிசம்பரில் ஒரு நிறுவனம் அப்படி ஒரு குழந்தை பிறந்துவிட்டதாக உலகத்துக்கே அறிவித்தது, டி.என்.ஏ. சோதனைக்கு மட்டும் கடைசிவரை கொடுக்கவில்லை. ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிறுவனத்தில் 1996இல் பிறந்த டாலி என்ற குளோன் ஆட்டுக்காக 277 முட்டைகளில் முயன்றார்கள், உயிரோடு வந்தது ஒன்று. நமக்கு நெருக்கமான விலங்கு குரங்கு. 2018இல் சீன விஞ்ஞானிகள் அறிவித்த இரண்டு குளோன் குரங்குக் குட்டிகளுக்காக 79 கருக்களை 21 வாடகைத்தாய்க் குரங்குகளுக்குள் வைத்திருந்தார்கள். அவை பிறக்காத கருவின் செல்லிலிருந்து வந்தவை. வளர்ந்த குரங்கின் செல்லை வைத்து அதே ஆய்வில் 181 கருக்களை 42 தாய்களுக்குள் வைத்தபோது பிறந்தவை இரண்டே, இரண்டும் சீக்கிரமே இறந்துவிட்டன. உங்கள் இளையவன் வளர்ந்த ஆள் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், தோல் செல் இருபது வருஷமாகத் தோலாக இருந்து பழகிய செல், அதன் மரபணுக்களில் பெரும்பகுதி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. முட்டைக்குள் போனதும் அத்தனையும் சில மணி, சில நாளுக்குள் ஆரம்ப நிலைக்குத் திரும்ப வேண்டும், அது அரைகுறையாகத்தான் நடக்கிறது. விளைவு: கலைந்துபோகும் கர்ப்பங்கள், பழுதுபட்ட நஞ்சுக்கொடி, மூச்சுத் திணறும் குட்டிகள். ஒவ்வொரு கலைப்பும் ஒரு வாடகைத்தாயின் உடம்பில் நடக்கும். அந்தப் பெண்களைப் பற்றி அவர்கள் அனுப்பிய இருபது பக்கத்தில் ஒரு வரி இல்லை.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் பல நாடுகளில் குழந்தை பெறுவதற்கான குளோனிங் நேரடியாகவே தடை. பிரிட்டனில் 2001இலேயே தனிச் சட்டம் வந்தது. யுனெஸ்கோவின் 1997 பிரகடனம் இதை மனித மாண்புக்கு எதிரானது என்கிறது, 2005இல் ஐ.நா. பொதுச்சபையும் எதிர்த்துப் பிரகடனம் செய்தது. இந்தப் பிரகடனங்கள் நாடுகளைக் கட்டாயப்படுத்துபவை அல்ல. அதனால்தான் அந்த ஆள் "சட்டமே இல்லாத நாட்டில் செய்கிறோம்" என்று தைரியமாகச் சொல்கிறார். சட்டம் இல்லாத இடத்தில் ஏதாவது தவறிப்போனால் நீங்கள் போய் நிற்கவும் இடம் இருக்காது, குழந்தைக்குத் தாய் யார் என்று சொல்ல ஒரு காகிதமும் இருக்காது.

இரண்டாவது முறை சாகடிப்பதா?

இல்லை. இந்தக் கேள்வியை அந்த ஆள்தான் உங்கள் மனதில் போட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பணம் கேட்ட செய்திக்குக் கீழே அதே வார்த்தைகளை நீங்கள் எடுத்துக் காட்டியிருக்கிறீர்கள். இல்லாத ஒரு உயிரை உருவாக்காமல் இருப்பது யாரையும் கொல்வது ஆகாது. உங்கள் துக்கத்தை இப்படி ஒரு கயிறாகத் திரித்து உங்கள் கழுத்திலேயே போட்டவர்மீது எனக்குக் கோபம் வருகிறது.

பிள்ளையை இழந்த வீட்டில் அவன் இடத்தை நிரப்பவென்றே பெறப்படும் குழந்தையை 'மாற்றுக் குழந்தை' என்று மனநல உலகம் 1964 முதலே பேசிவருகிறது. போனவனோடு ஒப்பிட்டுக்கொண்டே வளர்க்கப்படும் பிள்ளை, தான் யார் என்று தெரியாமல் தவிக்கும். சாதாரணமாகப் பிறக்கும் தம்பி தங்கைக்கே இந்தப் பாரம் என்றால், அதே முகத்தோடு, அவனாகவே இருக்கச் செய்யப்பட்ட பிள்ளைக்கு எப்படி இருக்கும்? அவனுக்குப் பாட்டு வராவிட்டால், மூத்தவனுக்குப் பிடித்தது பிடிக்காவிட்டால், உங்கள் முகம் வாடும். குழந்தைகள் அதைக் கவனித்துவிடுவார்கள்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள், இளையவனின் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை, பார்த்தால் மூத்தவன் தெரிகிறான் என்று. அதே முகத்தோடு இன்னொரு பிள்ளை தினமும் கண்ணெதிரே வளர்ந்தால் இந்த வலி எப்படிக் குறையும் என்று எனக்குப் புரியவில்லை.

உங்கள் ஏக்கம் பைத்தியக்காரத்தனம் இல்லை. ஆனால் ஒரு வருஷம் தாண்டியும் அதே தீவிரத்தில் நின்று, தூக்கத்தையும் வேலையையும் பக்கத்தில் இருப்பவர்களையும் விழுங்கும் துக்கம் சிகிச்சைக்கு உரியது, அதற்கென்றே வடிவமைத்த பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, பலருக்குப் பலன் தருகிறது. உங்கள் ஊரில் இருக்கும் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ நேரில் பாருங்கள். மூத்தவனின் குரல் பதிவுகளைக் கேளுங்கள், அழ வேண்டும் என்றால் அழுங்கள். அவன் குரலில் புதிதாகப் பேசும் செயலி ஒன்று தருகிறோம் என்று அடுத்து வருவார்கள், அதை மட்டும் வாங்காதீர்கள் என்பது என் கருத்து. அவன் சொல்லாத வார்த்தைகள் அவன் சொன்னவற்றோடு கலந்துவிட்டால், பிறகு பிரித்தெடுக்க உங்களாலும் முடியாமல் போகலாம்.

இளையவன்

கடிதத்தில் நான் அதிகம் பயந்த இடம் ஓரமாக ஒரு வரியில் வந்தது. தோல் எடுத்த அன்று திரும்பும் வழியில் அவன் கேட்டிருக்கிறான்: "நான் போயிருந்தா இதெல்லாம் செஞ்சிருப்பியாம்மா?" நீங்கள் பதில் சொல்லவில்லை. அவன் கூடவே பிறந்தவனை இழந்திருக்கிறான், கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் அண்ணனைப் பார்க்கிறான், இப்போது அம்மாவுக்குத் தன்னிடமிருந்து வேண்டியது அண்ணனைச் செய்வதற்கான தோல்தான் என்று புரிந்துகொண்டிருக்கிறான். நீங்கள் அப்படி நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

இதற்கு ஃபோன் போதாது, அவன் இருக்கும் இடத்துக்குப் போங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள். அப்புறம், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, வாய் திறக்க அவனுக்கு வழி கிடைக்கும். ஆமாம் என்றால், அவனைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மூத்தவனைப் பற்றி அவனுக்கு மட்டும் தெரிந்த எத்தனையோ விஷயம் அவனிடம் இருக்கும், அதைக் கேட்பதற்கு அவசரம் இல்லை, அவனாகச் சொல்லும்போது கேளுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

வீட்டை அடமானம் வைக்காதீர்கள், இனி எந்தத் தவணையும் கட்டாதீர்கள். கட்டியதற்கான ரசீது, செய்திகள், குரல் அழைப்புகளின் விவரம் எல்லாவற்றையும் அழிக்காமல் எடுத்து வைத்துக்கொண்டு, நுகர்வோர் வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரைக் கணவரோடு போய்ப் பாருங்கள். மோசடிப் புகாராகக் காவல்துறையிடம் கொடுக்க வேண்டுமா என்பதை அவர் சொல்வார். பணம் முழுவதும் திரும்பும் என்று நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

தோல் மாதிரி விஷயத்தில் கடிதம் எழுத வேண்டியவர் நீங்கள் இல்லை, இளையவன். மூத்தவனின் பெயரைப் போட்டு அவர்கள் வைத்திருப்பது உயிரோடு இருக்கும் இளையவனின் டி.என்.ஏ., அவன் வயதுக்கு வந்தவன், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற அவனுக்கு உரிமை உண்டு. மாதிரியையும் அதிலிருந்து எடுத்த மரபணுத் தகவலையும் அழித்துவிட்டு எழுத்தில் உறுதி தர வேண்டும் என்று அவன் பெயரில், அவன் கையெழுத்தில், வழக்கறிஞர் மூலம் அனுப்புங்கள். ஆனால் அவனை இன்னொரு காகிதத்தில் அவசரமாகக் கையெழுத்துப் போட வைக்காதீர்கள், முதலில் பேசிவிட்டு, அவனுக்கு விருப்பம் என்றால் மட்டும். மூத்தவனின் ஃபோனை இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்ப வேண்டாம். குரல் பதிவுகளை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்பதால், அந்தக் குரலில் யாராவது அழைத்துப் பணம் கேட்கலாம் என்று உறவினர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

இளையவனைப் பார்த்துவிட்டு வந்த பிறகு எனக்கு எழுதுங்கள்.